பார்த்தேன், கேட்டேன், நம்புகிறேன்

அபிடவிட் என்னும் பிரமாணப் பத்திரம் ஒன்றைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது, ஒரே மாதிரி தொடங்கும் பத்திகள்தாம். ஐ ஸ்டேட் தட். ஐ சப்மிட் தட். ஐ பிலீவ் தட். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு இது வக்கீல்களின் வாய்ப்பழக்கமாகத் தெரியும். பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் டைப்பிங் கடை வைத்து, தமிழில் சொல்வதைக் கேட்டு ஆங்கிலத்தில் அடித்துக் கொடுக்கும் எனக்கு, அந்த முதல் மூன்று சொற்களில்தான் பாதி வேலை இருக்கிறது.

எங்கள் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. வட ஆற்காடு, தருமபுரிப் பக்கமிருந்து பிழைப்புக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் படிக்கிறார்கள். ஆனால் வீட்டுச் சண்டையோ பணத் தகராறோ, மனசு கொதித்தால் பேச்சு தமிழில்தான் வருகிறது. சிவில் கோர்ட்டில் காகிதம் ஓடுவது கன்னடத்திலும் ஆங்கிலத்திலும். ஹைகோர்ட்டில் அரசியல் சட்டத்தின் 348-ஆவது பிரிவுப்படி ஆங்கிலம். ஆகவே இவர்கள் வாயால் சொன்னது நீதிபதியின் மேசைக்குப் போகுமுன் என்னைப் போன்ற ஒருவரின் கையைத் தாண்டித்தான் போகிறது.

தமிழில் செய்தி முன்னால் வரும், சொல்பவர் எங்கே நிற்கிறார் என்பது கடைசியில் வரும். "போன ஆவணியில ராத்திரி பதினோரு மணிக்கு மாடி வீட்டுப் பூட்டை ஒடைச்சு சாமானெல்லாம் வெளியே தூக்கிப் போட்டாங்கன்னு பக்கத்து வீட்டம்மா சொல்லிச்சு." கடைசி மூன்று சொற்கள் வரும்வரை, கேட்கிறவருக்கு இது கண்ணால் கண்ட சாட்சி. ஆங்கிலத்தில் அந்த மூன்று சொற்கள் வாசலிலேயே நிற்க வேண்டும்: ஐ அம் டோல்ட் பை மை நெய்பர் தட். அதனால் வினை வந்து விழும்வரை நான் கீபோர்டில் கை வைப்பதில்லை. இன்னும் நுணுக்கமாக ஒன்று உண்டு. "தூக்கிப் போட்டாங்களாம்" என்று ஓர் "ஆம்" மட்டும் சேர்த்து முடித்துவிடுவார்கள். வேகமாகப் பேசுகிறவர்களிடம் அது காதில் விழாமலே போகும். அதைத் தவறவிட்டால் கேள்விப்பட்ட பெண் நேரில் பார்த்த பெண்ணாகிவிடுவார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல், "அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்.

வாய்மொழிச் சாட்சியம் நேரடியாக இருக்க வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது 55. பார்த்ததைப் பார்த்தவர் சொல்ல வேண்டும், கேட்டதைக் கேட்டவர் சொல்ல வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 19-ஆவது கட்டளை, 3-ஆவது விதி அபிடவிட்டுக்கென்றே பேசுகிறது: சொந்த அறிவால் நிரூபிக்கக் கூடியதை மட்டும் எழுது, இடைக்கால மனுக்களில் நம்பிக்கையையும் எழுதலாம், ஆனால் எதை வைத்து நம்புகிறாய் என்பதையும் சேர்த்துச் சொல்.

பழைய தண்டனைச் சட்டத்தின் 191-ஆவது பிரிவு, பொய்ச் சாட்சி பற்றியது, இதைவிடக் கூர்மையானது. அதன் எடுத்துக்காட்டுகளை நான் அடிக்கடி புரட்டிப் பார்ப்பதுண்டு. ஒருவருடைய கையெழுத்துப் பழக்கமான ஒருவர், ஒரு கையொப்பத்தைப் பார்த்து "இது அவருடையது என்று நம்புகிறேன்" என்று மனதாரச் சொல்கிறார். கையொப்பம் வேறொருவருடையதாகவே இருந்தாலும் அவர் பொய்ச் சாட்சி சொன்னவர் ஆகமாட்டார். இன்னொருவர், "அந்த ஆள் அன்றைக்கு அந்த இடத்தில் இருந்தார் என்று எனக்குத் தெரியும்" என்கிறார். உண்மையில் அவருக்கு எதுவுமே தெரியாது. அந்த ஆள் அங்கே இருந்திருந்தாலும் இவர் சொன்னது பொய்ச் சாட்சிதான். சொன்னது நடந்ததா என்பதைச் சட்டம் இங்கே கேட்கவில்லை. "ஐ நோ", "ஐ பிலீவ்" இரண்டில் எதைச் சொல்ல உனக்கு உரிமை இருந்தது என்று கேட்கிறது. 2023-இன் புதிய சட்டத்தில் பிரிவு எண் 227 ஆயிற்று, கேள்வி மாறவில்லை.

இதனால்தான் "ஊருக்கே தெரியும் தம்பி" என்று சொல்லும்போது நான் விடுவதில்லை. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பேன். சிலருக்குக் கோபம் வரும், நம்பவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். கோபப்பட்டாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அடுத்த சிக்கல் "நான்" என்ற சொல்லிலேயே இருக்கிறது. லீஸ் பணம் முழுதாகத் திரும்பி வராத ஒரு அம்மா சொன்னார்: "வீட்டுக்காரரு நானே பெயிண்ட் அடிச்சுக்கிறேன்னு சொன்னாருப்பா."

"யாரும்மா அடிக்கிறது? நீங்களா, அவரா?"

"அவருதான். நான் எதுக்கு அடிக்கணும்?"

"ன்னு" என்பது பிறர் பேச்சை அப்படியே தூக்கி வந்து வைக்கும். உள்ளே இருக்கும் "நான்" பேசியவருடைய நான். கன்னடத்தின் "அந்த", தெலுங்கின் "அனி" இரண்டும் இதே வேலையைச் செய்வதால், இந்த ஊரில் யாருக்கும் இது குழப்பமே இல்லை. ஆங்கிலத்தின் "தட்" அப்படியில்லை. அதைத் தாண்டியதும் நான் "ஹி" ஆக வேண்டும், "அடிக்கிறேன்" என்பது "வுட் பெயிண்ட்" ஆக வேண்டும். "ஹி ஸெட் தட் ஐ வில் பெயிண்ட்" என்று அடித்தால், பெயிண்ட் செலவை அந்த அம்மாவே ஏற்றுக்கொண்டதாகக் காகிதம் சொல்லும். லீஸ் பணத்தில் வீட்டுச் சொந்தக்காரர் பெயிண்ட்டுக்கென்று பிடித்துக்கொண்ட தொகை மொத்தமும் அந்த ஒரு எழுத்தில் தொங்குகிறது.

போலீஸ் புகாரில் வருவது வேறு ஒன்று. "அவன்தான் எடுத்திருப்பான்னு சந்தேகம்" என்பதை நன்றாகப் படித்த பிள்ளைகள்கூட "ஐ டவுட் தட் ஹி டுக் இட்" என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். ஆங்கிலத்தில் அது, அவன் எடுத்திருக்க மாட்டான் என்றே படும். "ஐ சஸ்பெக்ட் தட்" என்று மாற்றினால்தான் விரல் சரியான ஆளை நோக்கி நீளும். நம் "சந்தேகம்" இரண்டு பக்கமும் போகும். ஆங்கிலம் அதற்கு இரண்டு வினைகளை வைத்திருக்கிறது.

"தெரியாது" என்பதிலும் கவனம் வேண்டும். வழக்குப் போடப்பட்டவரிடம், நீங்கள் கடன் வாங்கியதாகச் சொல்கிறார்களே என்றால், "அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க" என்பார். வாங்கவே இல்லை என்பதைத்தான் தன்மையாகச் சொல்கிறார். அதை "ஐ டு நாட் நோ தட்" என்று எழுதினால் மறுப்பு ஆகாது. குறிப்பாக மறுக்காததை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளலாம் என்கிறது 8-ஆவது கட்டளை, 5-ஆவது விதி. "ஐ டினை தட்" என்று எழுத வேண்டும். அதற்கு முன்னால், உண்மையிலேயே மறுக்கிறீர்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு அரசும் விலக்கில்லை. பம்பாய் அரசுக்கும் புருஷோத்தம் ஜோக் நாயக்குக்கும் நடந்த வழக்கில், 1952-இல், அரசுத் தரப்பு அபிடவிட்டின் சரிபார்ப்பு வாசகம் ஒழுங்காக இல்லை என்று சுப்ரீம் கோர்ட் சுட்டிக்காட்டியது. சொந்த அறிவில் இல்லாத செய்திக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றது. அதே 1952-இல் இங்கிலாந்தில் ஜே. ஓ. உர்ம்சன் என்ற தத்துவ ஆசிரியர் "மைண்ட்" இதழில் இப்படிப்பட்ட வினைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். "ஐ பிலீவ்", "ஐ சப்போஸ்" என்று ஒருவர் சொல்லும்போது தன் மனசுக்குள் நடப்பதை வர்ணிக்கவில்லை. தான் சொல்லும் செய்தியை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கேட்பவருக்குக் கோடு காட்டுகிறார் என்பது அவர் வாதம். எனக்கு அது முழுக்கச் சரியென்றே படுகிறது. "வருவாருன்னு நினைக்கிறேன்" என்று நாம் தினமும் சொல்வதும் அந்தக் கோடுதான். பேச்சில் அது லேசாக வந்து போகும். பத்திரத்தில் ஏறிவிட்டால் அதற்கும் கணக்குக் கேட்பார்கள்.

கடைசியில், தெரிந்த மொழியில் படித்து விளக்கப்பட்டது என்று ஒரு வரி போட வேண்டும். பலர் அதை வெறும் வரியாகவே போடுகிறார்கள். நான் உட்காரவைத்துப் படித்துக் காட்டுவேன், வினையைத் தமிழிலும் முன்னால் தூக்கிவைத்து: நான் நேரில் கண்டது என்னவென்றால்; எனக்குச் சொல்லப்பட்டது என்னவென்றால்; நான் நம்புவது என்னவென்றால். யாரும் இப்படிப் பேசுவதில்லை. ஆனால் காது உடனே நிமிரும். ஒரு பெரியவர் ஐந்தாவது பத்தியில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அறிவேன்னு போடாதீங்க தம்பி. பணத்தை எண்ணிக் குடுத்தது எம்மவன். நான் ஆஸ்பத்திரியில இருந்தேன்."

அந்தப் பத்தியை எடுத்துவிட்டோம். மறுநாள் மகனை வரச்சொல்லி, அவர் பெயரில் தனியாக ஒரு அபிடவிட் அடித்தோம்.