படகுக்கேற்ற பொறி

மலாக்கா நீரிணையில் சிறு படகு செலுத்திப் பிழைப்போர் வானத்தை நோக்கும் முறையே தனி. ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில், விடியலுக்கு முன் சுமத்திராப் பக்கம் கருமேகம் அணிவகுத்து எழுமாயின், வலையை வாரிப் போட்டுக்கொண்டு கரை திரும்பவேண்டும். 'சுமத்திரா' என்றே பெயர் பெற்ற அச்சூறைக்காற்று வந்து சேர நெடுநேரம் பிடிப்பதில்லை. அவ்வேளையில் கயிற்றை ஓரிருமுறை இழுத்ததும் உயிர்பெறும் பொறி எதுவோ, அதுவே நல்ல பொறி. மூடியின் வண்ணமும் அதன்மேல் எழுதிய எண்ணும் அதற்குப் பின்னரே.

ஆயினும், கடைக்குச் செல்லும் இளைஞன் முதலில் கேட்பது குதிரைத்திறனைத்தான். அடுத்த படகில் 15 என்றால் தனக்கு 25 வேண்டும் என்பான். இவ்விடத்தில் இடைநிலைப்பள்ளி மாணவனும் போடக்கூடிய ஒரு கணக்கு உண்டு. நீரை விலக்கிக்கொண்டு செல்லும் கனத்த மரப்படகின் நீர்மட்ட நீளத்தை அடிக்கணக்கில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால், மணிக்கு இத்தனை கடல் மைல் என அதன் இயல்பான வேக எல்லை கிடைக்கும். 16 அடிக்கு வர்க்கமூலம் 4, விடை 5.36. அஃதாவது மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர். அவ்வேகத்திற்கு 8 குதிரைத்திறன் தாராளம். 25-ஐ மாட்டினால் படகு தானெழுப்பிய அலைமீதே ஏற முயன்று, பின்புறம் தாழ்ந்து திணறும், பெட்ரோல்தான் கரையும். தட்டையான அடியுடைய, கனங்குறைந்த கண்ணாடியிழைப் படகாயின் செய்தி வேறு. அது நீரின்மேல் எழுந்து வழுக்கி ஓட வல்லது. அதற்குக் கூடுதல் திறன் பயன்படும்.

அடுத்து வருவது இரு வீச்சா, நான்கு வீச்சா என்னும் வழக்கு. இரு வீச்சுப் பொறி கனம் குறைந்தது. 15 குதிரைத்திறனுக்கு ஏறத்தாழ 36 கிலோ. நான்கு வீச்சில் அதே திறன் 50 கிலோவை ஒட்டும். அன்றாடம் பொறியைக் கழற்றித் தோளில் சுமந்து வீடு சேர்ப்பவருக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. ஆனால், கார்புரேட்டர் பூட்டிய பழைய இரு வீச்சுப் பொறி, உறிஞ்சும் எரிபொருளில் கால் பங்கு அளவை எரிக்காமலே வெளியேற்றிவிடும். 25 லிட்டர் பெட்ரோலுக்கு அரை லிட்டர் எண்ணெயும் கலக்கவேண்டும். விலை குறைவென்று கடன்பட்டு அதனை வாங்குபவர், மிச்சம் பிடித்த காசை ஆண்டு முழுதும் கடலில் ஊற்றுகிறார்; மீன் படாத நாளிலும் கடன் தவணை நிற்பதில்லை. நாள்தோறும் நெடுந்தொலைவு செல்வோர்க்கு நான்கு வீச்சே கணக்குக்கு ஒத்துவரும். கரையோரத்தில் ஒருமணி நேரம் வலை போட்டுத் திரும்பும் முதியவருக்கு இரு வீச்சு போதும்.

பின்பலகையின் உயரத்தை அளக்காமல் பொறி வாங்குவோரும் உளர். தண்டின் நீளம் பெரும்பாலும் 15 அல்லது 20 அங்குலம். குட்டையானால் விசிறி காற்றை விழுங்கி வீணே சுழலும். நெட்டையானால் சேற்றில் புதையும். தீபகற்பத்தின் மேற்குக்கரையோ பெரும்பகுதி கண்டலும் சேறுமாயிற்றே! சேறு குளிர்நீர் புகும் துளையை அடைத்துவிட்டால் பொறி சூடேறிக் கருகும். அதனாலேயே பழகியவர் கண், பொறியின் பின்னால் பீச்சும் சிறு நீர்த்தாரையை அடிக்கடி பார்த்துக்கொள்கிறது.

உதிரிப்பாகம் அண்மையில் கிடைக்குமா என்று கேட்டறிவதும் தேவை. 1909-இல் ஓலே எவின்ரூட் உருவாக்கிய பொறியின் வழிவந்த பெயர் உலகெங்கும் புகழ்பெற்றிருந்தது. 2020-இல் அப்பெயரிலான உற்பத்தியே நிறுத்தப்பட்டது. அத்துணைப் பெரிய பெயருக்கே அக்கதி. ஆகவே பெயரைவிட, பக்கத்து ஊர்ப் பட்டறைக்காரர் எந்தப் பொறியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார் என்பதைக் கேட்டு வாங்குவது மேல்.

அனுபவமிக்கவர் படகில், புதுப்பொறி மாட்டிய பின்னும் ஒரு சிறு தகரப்பெட்டி இருக்கும். அதனுள் மாற்று ஸ்பார்க் பிளக், அதைக் கழற்றும் சாவி, ஒரு முழுக் கயிறு. பெட்டிக்கு அருகே, நனையாமல் கட்டிவைத்த ஒரு சோடித் துடுப்பு.