முப்பத்தைந்தில் ஒரு பங்கு

யுத்தத்தைச் சிறிதாக்கி மேஜைமேல் வைத்துக்கொள்வது குழந்தைத்தனமான காரியம் என்பது என் நண்பர் ஒருவரின் அபிப்பிராயம். அவர் கவிஞர். பதினான்கு வரிக்குள் ஒரு வாழ்நாளை அடைக்கிறவர் இதைச் சொல்வது விநோதம்தான் என்றாலும் அதில் ஓரளவு வாஸ்தவம் இருக்கிறது. பிளாஸ்டிக் டாங்கியை ஒட்டி, சாயம் பூசி, பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி, கீழே மண்ணைத் தூவி டியோரமா என்று பெயர் வைப்பவர்களில் பலருக்கு யுத்தம் என்பது சீருடைப் பொத்தான்களின் எண்ணிக்கை. ஆனால் சிறிதாக்குவது என்ற செயலுக்குள்ளேயே ஒரு விமர்சனப் பிரச்னை இருக்கிறது. எது சிறிதாக மறுக்கிறது, எதைச் சிறிதாக்க யாருமே முன்வரவில்லை என்பது மூன்று வருஷமாக ஒரு பலகையோடு மல்லுக்கட்டியதில் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது.

முதலில் அளவு. இந்தக் கைவேலையில் அதிகம் புழங்கும் அளவுகளில் ஒன்று, நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. இதன் பின்னால் தத்துவம் ஏதுமில்லை. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் தாமியா நிறுவனம் மோட்டார் வைத்த ஜெர்மானிய பாந்தர் டாங்கி ஒன்றைத் தயாரித்தது. உள்ளே இரண்டு பாட்டரிகள் அடங்க வேண்டும். அடங்குகிற மாதிரி செய்துவிட்டுப் பிற்பாடு அளந்து பார்த்தபோது முப்பத்தைந்தில் ஒன்று என்று வந்தது. அதன் பிறகு வந்த டாங்கிகள், மனிதர்கள், இடிந்த சுவர்கள் எல்லாம் அந்த இரண்டு பாட்டரிகளுக்குக் கட்டுப்பட்டவை. நம் யாப்பிலக்கணத்தின் சில விதிகள்கூட இப்படி ஏதோ ஒரு பாட்டரிப் பெட்டிக்காக ஏற்பட்டவையோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

என் பலகை 30 சென்டிமீட்டர் நீளம், 20 அகலம். நிஜத்தில் பத்தரை மீட்டருக்கு ஏழு மீட்டர். அதில் நான் வைக்க நினைத்தது சயாம் – பர்மா ரயில் பாதைக்காகப் போட்ட மண்கரையில் ஒரு துண்டு. 1942இன் மத்தியில் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளும் சந்தித்த பாதை. பான் போங்கிலிருந்து தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். முழுப் பாதையையும் என் அளவில் செய்தால் ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளப் பலகை வேண்டும். சுமார் 60,000 நேச நாட்டுப் போர்க்கைதிகள் அதில் வேலை செய்தார்கள், 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். இது உலகத்துக்குத் தெரிந்த விஷயம். மூன்று மாத வேலை என்று சொல்லி மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள், பர்மியர்கள், ஜாவாக்காரர்கள், மலாய்க்காரர்கள் என்று ஆசியக் கூலிகள் 1,80,000க்குக் குறையாது என்கிறார்கள். அவர்களில் இறந்தவர்கள் 90,000 என்பது ஒரு மதிப்பீடு. மதிப்பீடுதான். யாரும் உட்கார்ந்து எண்ணவில்லை.

ஒரு நாள் கணக்குப் போட்டேன். பாதை நெடுகச் சமமாகப் பரப்பினால் என் பலகையின் பத்தரை மீட்டருக்கு நாலரைக் கூலிகள் வருகிறார்கள். இறந்தவர்கள் இரண்டு பேருக்குச் சற்று அதிகம். எனவே ஐந்து பேரைச் செய்வது என்று வைத்துக்கொண்டேன். எந்த இரண்டு பேர் என்று குறிக்கவில்லை.

அந்த ஐந்து பேர் நான் பார்த்த எந்தப் பெட்டியிலும் இல்லை. ஜெர்மானியர், ருஷ்யர், அமெரிக்கர், ஜப்பானியர் உண்டு. தொப்பிப்பட்டை வரை துல்லியமாக உண்டு. ஆடு, கோழிகூட உண்டு. கோவணம் கட்டி மண் சுமக்கிறவன் இல்லை. இருப்பவனை வெட்டி ஒட்டி மாற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். முடியாது. பெட்டிச் சிப்பாயின் உடம்பு பூட்ஸிலிருந்து மேலே எழும்புவது, இடுப்பு இறுகியது, தோள் பின்னுக்குப் போனது. அவனுக்குக் குந்தத் தெரியாது. பாதம் முழுக்க மண்ணில் பதிய, முழங்கால் கக்கத்தருகே வர, கைகள் முன்னால் தொங்க நம் ஜனங்கள் குந்துகிறார்களே, அதற்குத் தொடை எலும்பையே வேறு இடத்தில் மாட்ட வேண்டியிருக்கும். சீருடையை உரித்தால் உள்ளே பொதுவான மனிதன் ஒருவன் இருப்பான் என்பது மனிதாபிமானிகளின் மூடநம்பிக்கை. பிளாஸ்டிக்கை உரித்தால் பிளாஸ்டிக்தான் வருகிறது.

ஆகவே கம்பியிலிருந்து தொடங்கினேன். மின்சார ஒயரின் தாமிர இழைகளை முறுக்கி எலும்புக்கூடு. அதன்மேல் குழாய் ஒழுகலை அடைக்கிற எம்சீல். இரண்டையும் பிசைந்த பிறகு இறுகுவதற்குள் கிடைக்கும் அவகாசம் சொற்பம். விரலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு ஊசிமுனையால் தள்ளித் தள்ளி ஓர் உடம்பைக் கொண்டுவர வேண்டும். ஐந்தடி நாலங்குல மனிதன் நாலரை சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டுகிறான். மண்வெட்டிக் காம்புக்குத் தென்னை ஈர்க்கு. மூங்கிலுக்கும் ஈர்க்குதான், கணு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சுற்று நூல். காட்டுத் தரையின் சருகுக்கு, வடிகட்டிப் போட்ட தேயிலைத் தூளைக் காயவைத்துத் தூவினேன்.

விலா எலும்பில்தான் இலக்கியப் பிரச்னை வந்தது. எட்டு மில்லிமீட்டர் மார்பில் விலாவின் புடைப்பை நேர்மையாக அளவு குறைத்தால் சாயத்தின் கனத்துக்குள் அது மறைந்துவிடும். தெரிய வேண்டுமென்றால் மிகைப்படுத்த வேண்டும். மிகைப்படுத்திய மாத்திரத்தில் அது ஒரு மனிதனின் விலாவாக இல்லாமல் பட்டினியின் சின்னமாகிவிடுகிறது, நம் முற்போக்குக் கதைகளில் வரும் ஒட்டிய வயிறு மாதிரி. உண்மைக்கு விசுவாசமாக இருந்தால் உண்மை கண்ணுக்குத் தெரிவதில்லை, தெரியவைத்தால் கூச்சலாகிறது. இரண்டு உருவங்களைப் பிய்த்துப் போட்ட பிறகு முதுகுப்பக்கம் போனேன். தோள்பட்டை எலும்பு, தண்டுவடம், தொடையைவிடப் பருத்த முழங்கால் முட்டி. இவ்வளவு போதும். முன்பக்கத்தைப் பார்க்கிறவனின் கண் பூர்த்தி செய்துகொள்கிறது.

சாயக் குப்பிகளில் 'சதை நிறம்' என்று ஒன்று கிடைக்கிறது. இளஞ்சிவப்பு ஓடிய வெளிர்மஞ்சள். வேறு அடைமொழி கிடையாது, உலகத்தில் சதை என்றால் அது ஒன்றுதான் என்பது போல. அதை எடுத்து வைத்துவிட்டுக் காவி, அடர்பழுப்பு, கறுப்பு, ஒரு துளி நீலம் என்று கலந்தேன். ஐந்து பேருக்கும் ஒரே கலவையைப் பூசினால் ஒரே ஆள் ஐந்து தடவை நிற்கிறான். ஐந்து கலவைகள் வேண்டியிருந்தன. வெளுத்த தோலில் உருவத்தை நிழலால் சொல்லிவிடலாம். நான் படித்த கையேடுகள் எல்லாம் மடிப்பில் அடர்நிறத்தை ஓடவிடு என்கின்றன. கறுத்த தோலில் உருவத்தைச் சொல்வது வெளிச்சம். எண்ணெய் பூசியதும் கருங்கல் விக்கிரகத்தின் மூக்கும் கன்னமும் எழுந்து வருகிற மாதிரி. வியர்வைமேல் விழுகிற ஆகாயத்தின் சாம்பல் நீலத்தை, கிட்டத்தட்ட உலர்ந்துபோன தூரிகையால் தோளிலும் நெற்றியிலும் தொட்டேன். முடிவாகப் பூசிய நிறம் தோலின் நிறமே அல்ல.

தண்ணீர் மட்டும் எதற்கும் இணங்கவில்லை. ஒரு சொட்டு நிஜத் தண்ணீரைப் பலகையில் விட்டால் அந்த மனிதர்களுக்குப் பக்கத்தில் தேங்காய்ப் பருமனில் உருண்டு நிற்கிறது. தண்ணீர் தன் அளவை யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை. 1943இன் மழைக்காலம்தான் அந்தப் பாதையில் மிகக் கொடுமையான காலம். வேலையை விரைவுபடுத்தச் சொல்லி உத்தரவு, விடாத மழை, முகாம் முகாமாகக் காலரா. மழையை என்னால் அதன் விளைவாகத்தான் வைக்க முடிந்தது: கரைச்சரிவில் மினுமினுக்கும் வார்னிஷ், உடம்போடு ஒட்டிய துணி, கூடையிலிருந்து விழாமல் பிடித்துக்கொண்டிருக்கும் களிமண். காலராவுக்கு உருவம் கிடையாது. முயலவுமில்லை.

பார்த்துச் செய்வதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கலாம். போர்க்கைதிகளாக அங்கே இருந்த ரொனால்ட் ஸெர்ல், ஜாக் சாக்கர் போன்ற ஓவியர்கள் கிடைத்த தாளில் ரகசியமாக வரைந்து ஒளித்து வைத்த படங்கள் இருக்கின்றன. கைதிகளுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், டாக்டர்கள் இருந்தார்கள், பேரேடு இருந்தது. காஞ்சனபுரியின் யுத்தக் கல்லறையில் ஏறக்குறைய 7,000 பேர் வரிசையாக இருக்கிறார்கள். கூலி முகாம்களைப் பற்றிக் கிடைக்கும் சேதிகளில் ஒரு பகுதி, 1943இல் கே ஃபோர்ஸ், எல் ஃபோர்ஸ் என்ற பெயர்களில் அங்கே அனுப்பப்பட்ட போர்க்கைதி மருத்துவக் குழுக்கள் வழியாக வந்தது. அதாவது தமிழனை நாம் பார்ப்பது இன்னொரு கைதியின் கண்ணால். 1957இல் வந்த பிரசித்தமான சினிமாவோ, கித்துல்கலவில் களனி ஆற்றின் குறுக்கே நிஜமாகவே ஒரு மரப்பாலத்தைக் கட்டி வெடிவைத்துத் தகர்த்தது. ஒன்றுக்கு ஒன்று அளவில் செய்த டியோரமா அது. சயாமில் நிற்கிற பாலம் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த இரும்புச் சட்டங்களால் ஆனது. மலேசியத் தமிழில் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' இருக்கிறது. எனக்குத் தெரிந்த இலக்கியவாதிகளில் அதைப் படித்தவர்களை எண்ண ஒரு கை போதும்.

ஐவரும் கரைமேல் ஏறியானதும், மின்விசிறி பழுதுபார்க்க வந்தவர் பலகையைப் பார்த்துவிட்டு, "ரோடு போடறாங்களா சார்?" என்றார். ரொம்ப சரி. காவலன் இல்லாமல் அது ரோடு போடுவதுதான். பஞ்சாயத்து வேலை. ஐந்து பேர் மண் வெட்டுகிறார்கள், ஒருவன் குந்தியிருக்கிறான், சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

பெட்டியிலிருந்து ஒரு ஜப்பானியச் சிப்பாயை எடுத்து ஒட்டிச் சாயம் பூசி நிறுத்தினேன். அரைநாள் வேலை. உடனே காட்சி அவனுடையதாகிவிட்டது. எஃகு அச்சில் வார்த்தவன் அவன். அவன் விரல் நகம் தெரிகிறது, பெல்ட் கொக்கி தெரிகிறது. என் ஐந்து பேரும் அவன் முன்னால் களிமண் உருண்டைகள். பல மாதம் செய்த மனிதர்கள் அவனுக்குப் பின்னணியாகிப் போனார்கள்.

இந்த இடத்தில்தான் வில்லியம் ஸைபோர்ன் ஞாபகம் வந்தார். வாட்டர்லூ யுத்தத்தை மாதிரியாகச் செய்ய 1830இல் பணிக்கப்பட்ட பிரிட்டிஷ் லெஃப்டினன்ட். போர்க்களத்திலேயே லா ஹே ஸேந்த் பண்ணைவீட்டில் எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். உயிரோடிருந்த அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதி, 1815 ஜூன் 18 மாலை ஏழு மணிவாக்கில் உங்கள் படை எங்கே நின்றது என்று விசாரித்தார். ஒரு மைலுக்கு ஒன்பது அடி என்ற அளவில் நிலம், அதன்மேல் பல்லாயிரம் தகரப் பொம்மைகள். வந்த பதில்களை வைத்துப் பிரஷ்யப் படைகளை அவர் நிறுத்திய இடம் வெலிங்டனுக்கு உவப்பாக இல்லை. அந்த நேரத்தில் அவ்வளவு பிரஷ்யர்கள் அங்கே இருந்திருந்தால் வெற்றியில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்றாகிவிடும். 1833இல் அரசாங்கப் பணம் நின்றது. 1838இல் லண்டனில் காட்சிக்கு வைத்தபோது கூட்டம் அலைமோதியும் ஸைபோர்னின் கடன் தீரவில்லை. ஏராளமான பிரஷ்யப் பொம்மைகள் பிற்பாடு அந்த நிலத்திலிருந்து அகற்றப்பட்டன. மாதிரி இன்றும் லண்டனின் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எனக்கு உறுத்துவது, பொம்மைகளை எடுத்துவிட்டால் தகடு எவ்வளவு இயல்பாகத் தெரிகிறது என்பதுதான். புல் புல்லாகவே இருக்கும். எடுத்த இடம் என்று ஒன்று தெரியாது.

காவலனை முன்விளிம்புக்குக் கொண்டுவந்து, முதுகு நம்மைப் பார்க்க நிறுத்திப் பார்த்தேன். பலகைக்கு எதிரே குனிகிறவன் அவன் தோளுக்கு மேலாகத்தான் கரையைப் பார்க்க முடியும். அவன் முகம் மறைந்தது, விரல் நகம் மறைந்தது. ஐந்து பேரும் கொஞ்சம் பெரிதானார்கள். கவிஞ நண்பர் வந்து பார்த்தார்.

"என்னைக் காவல்காரனா நிக்க வெச்சுட்டீங்க. இது பார்க்கிறவனை மிரட்டற உத்தி. சினிமாவுல பண்ணுவாங்க."

"அவன் இல்லேன்னா ரோடு போடற மாதிரி இருக்கே?"

"இருந்துட்டுப் போகட்டும். ரோடு போடற ஆளுங்களைப் பார்க்கும்போது அது ஞாபகம் வந்தா சரி."

பதில் சாமர்த்தியமானது. சரியானது என்று எனக்குத் தோன்றவில்லை. எடுத்துவிட்டால் கட்டாயம் என்பதே காட்சியிலிருந்து போய்விடுகிறது. வைத்தால் அவர் சொல்கிற உத்தி முன்னால் வந்து நிற்கிறது. விளிம்பில் பூட்ஸ் தடத்தை மட்டும் பதித்துப் பார்த்தேன். அது துப்பறியும் நாவல் மாதிரி இருந்தது. மெழுகி விட்டேன்.

கடைசியில் அவனை ஒட்டவில்லை. இடது பூட்ஸுக்கு அடியில் குண்டூசியின் பாதியைச் செருகி, விளிம்பில் அதற்கு ஒரு துளை போட்டிருக்கிறேன். சில நாள் நிற்கிறான். சில நாள் தீப்பெட்டிக்குள் பஞ்சில் படுத்திருக்கிறான். அவன் இல்லாத நாட்களில் துளை தெரிகிறது. ஈர்க்கு நுனி அளவுதான். அதை அடைக்கவில்லை. கரையின் வலதுபக்கச் சரிவில் வார்னிஷ் இன்னும் ஒரு பூச்சு பாக்கி இருக்கிறது.