ஆரணியில் ஆறிய அனல்

பட்டுக்குப் பெயர் பெற்ற ஊருக்குச் சென்று வந்தவர்கள் பட்டைப் பற்றி எழுதுவதே வழக்கம். நானோ ஆரணிக்குச் சென்று தண்ணீரைப் பற்றிப் பாடம் கற்றுத் திரும்பியிருக்கிறேன். அன்புள்ள வாசகர்களே! சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் மட்டுமின்றி, வாடகை வண்டியில் குழந்தை குட்டிகளோடு வெளியூர் செல்லும் குடும்பத்தினரும் இதனைப் பொறுமையுடன் படிக்குமாறு வேண்டுகிறேன்.

கடந்த கோடையில் என் தங்கை மகளின் நிக்காஹுக்குச் சேலை எடுக்க வேண்டி மேல்விஷாரத்திலிருந்து காலையிலேயே புறப்பட்டோம். வயது முதிர்ந்த தாயார், மனைவி, தங்கை, மணப்பெண், நான் என ஐவர். எங்கள் வாகனமோ பழைய மாருதி 800. 2014-லேயே உற்பத்தி நின்றுவிட்ட வண்டி என்றாலும் எங்களுக்கு அது வீட்டுப் பிள்ளை போல. ஆற்காட்டைக் கடந்து, திமிரி வழியாக ஆரணிக்குச் செல்லும் சாலையைப் பிடித்தோம். ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரம்தான்.

இந்த மண்ணின் வரலாற்றை நினைக்காமல் அச்சாலையில் செல்ல இயலாது. பாலாற்றங்கரையில் டெல்லி கேட் என்னும் வாயில் ஒன்றே ஆற்காட்டுக் கோட்டையின் எச்சமாக இன்று நிற்கிறது. அந்தக் கோட்டையை 1751-இல் முற்றுகையிட்டவர் சந்தா சாகிபின் மகன் ரஸா சாகிப். ஐம்பது நாட்கள் முயன்றும் முடியாமல் முற்றுகையைக் கைவிட்ட அவரைக் கிளைவின் படை பின்தொடர்ந்து, அவ்வாண்டு டிசம்பர் 3ஆம் நாள் ஆரணிக்கு அருகில் தோற்கடித்தது. முப்பத்தோராண்டுகள் கழித்து, 1782 ஜூன் மாதத்தில், அதே ஆரணியை ஒட்டி ஹைதர் அலியின் படையும் அயர் கூட்டின் படையும் மோதின. அவ்வாண்டு இறுதியிலேயே ஹைதர் அலி சித்தூருக்கு அருகில் காலமானார். இவற்றையெல்லாம் மணப்பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டே ஓட்டி வந்த நான், வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டதைக் கவனிக்கவில்லை. "மாமா, முன்னாடி ஏதோ புகை மாதிரி வருதே!" என்று அவள்தான் கூவினாள்.

திமிரியைத் தாண்டிச் சிறிது தூரம்தான் வந்திருந்தோம். நல்லவேளையாக ஒரு புளியமரம் இருந்தது. வண்டியை அதன் நிழலில் நிறுத்தி இஞ்சினை அணைத்தேன். தாயாரை இறக்கிப் பாயில் அமர வைத்தோம். நீரிழிவு உள்ளவர். வெயில் அவருக்கு ஆகாது.

இந்த வண்டி இவ்வாறு கொதிப்பது அது முதல் தடவை அன்று. மூன்று மாதங்களில் நான்காவது தடவை. முதல் தடவை ஒரு பட்டறையில், "தெர்மோஸ்டாட் வால்வுதான் தொல்லை, நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவையே இல்லை" என்று சொல்லி அதைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். இரண்டாம் தடவை இன்னோரிடத்தில் மின்விசிறியின் மோட்டாரை மாற்றினார்கள். மூன்றாவது இடத்தில், "ஹெட் கேஸ்கட் போயிருக்கும், இஞ்சினைப் பிரிக்க வேண்டும்" என்றார்கள். அதற்கு அவர்கள் சொன்ன தொகை, நிக்காஹ் சேலைகளுக்காக நாங்கள் எடுத்து வைத்திருந்த தொகைக்குச் சற்றேறக்குறைய சமம். பயணத்தை முடித்துக்கொண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று துணிந்தது என் பிழை.

இங்கே ஒரு முக்கியமான செய்தி. ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாமா என்று தங்கை கேட்டாள். கூடாது என்று தடுத்தேன். என் மைத்துனர் பல்லாண்டுகளுக்கு முன் இதே போன்றதொரு நெடுஞ்சாலையில் அவசரப்பட்டுத் திறந்தார். முழங்கை வரை வெந்த வடு இன்றும் அவர் கையில் இருக்கிறது. அந்த மூடி உங்கள் வீட்டுப் பிரஷர் குக்கரின் மூடியைப் போன்றது. உள்ளே அழுத்தம் கூடுவதால் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காமல் 115, 120 பாகை வரை திரவமாகவே அடங்கி நிற்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் நீங்கி, அத்தனையும் ஆவியும் கொதிநீருமாய் முகத்தில் பீறிடும். முக்கால் மணி நேரமாவது காத்திருந்து, மேல் குழாயைத் துணியால் அமுக்கிப் பார்த்து, அது துவண்டு கிடந்தால் மட்டுமே, கனமான ஈரத்துணியைப் போர்த்தி மூடியை ஒரு படி தளர்த்த வேண்டும். சீறல் அடங்கிய பின்னரே முழுதும் திறக்கலாம். சூடான இஞ்சினில் குளிர்ந்த நீரைக் கொட்டுவதும் ஆபத்து. திடீர்க் குளிர்ச்சியில் உலோகம் வெடிப்பு விட்டுவிடும்.

நாங்கள் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அருகிலிருந்த தேநீர்க் கடையில் இரண்டு குடம் தண்ணீர் தந்தார்கள், காசு வாங்க மறுத்துவிட்டார்கள். பிறகு முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல், இரு முறை நிறுத்தி நிறுத்தி, ஒரு வழியாக ஆரணி வந்து சேர்ந்தோம்.

கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஊர் ஆரணி. 1989-இல் பழைய வட ஆற்காடு பிரிந்தது முதல் திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தது. நெல்லுக்கும் பட்டுக்கும் பெயர் பெற்றது. கோடையில் ஆறு மணல்தான். ரயிலில் வர நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 'ஆரணி ரோடு' என்ற நிலையம் இருப்பது ஆரணியில் அன்று, களம்பூரில். அங்கிருந்து மீண்டும் பேருந்து ஏற வேண்டும்.

பெண்களை நெசவாளர் வீட்டில் விட்டேன். பட்டு ஆண்களுக்கு விலக்கப்பட்டது, பெண்களுக்கு ஆகுமானது என்பதை நாம் அறிவோம். ஆகவே சேலை பார்ப்பதில் எனக்கு அலுவல் இல்லை என்று சொல்லித் தப்பித்தேன். அந்த வீட்டுக்காரரே ஒரு பட்டறைக்கு வழி காட்டினார். தகரக் கொட்டகை. எழுபதை நெருங்கிய ஒருவர். எல்லோரும் அவரை மேஸ்திரி என்றே அழைத்தார்கள்.

அவர் கருவி எதையும் எடுக்கவில்லை. "எப்போ சூடாகுது பாய்? நிக்கும்போதா, ஓடும்போதா?" என்று கேட்டார்.

மூன்று பட்டறைகளில் ஒருவரும் கேட்காத கேள்வி அது. சற்று யோசித்தேன். சென்னை நெரிசலில் ஊர்ந்து போகும்போது ஒன்றும் ஆவதில்லை. ஆளேற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் விரையும்போதுதான் முள் ஏறுகிறது. அதைச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது.

அவர் விளக்கியதை என் நடையில் தருகிறேன். எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியே போகிறது. எஞ்சிய பங்கைத் தண்ணீர் சுமந்து சென்று ரேடியேட்டரில் இறக்கி வைக்கிறது. நிற்கும்போது மட்டும் கொதித்தால் குற்றம் பெரும்பாலும் விசிறியில். ஏனெனில் ஓடும் வண்டிக்கு எதிர்காற்றே போதும். ஓடும்போது கொதித்தால் தண்ணீரின் ஓட்டம் எங்கோ தடைபடுகிறது என்று ஐயுற வேண்டும். கிளப்பிய சில நிமிடங்களிலேயே கொதித்தால் மூடிக்கொண்ட வால்வு, உள்ளே சிக்கிய காற்று, அல்லது கேஸ்கட். நோயாளியிடம் பேசாமல் மருந்து எழுதும் வைத்தியரைப் போலத்தான் என் முந்தைய மெக்கானிக்குகள் நடந்துகொண்டார்கள்.

கேஸ்கட் என்ற சொல்லைக் கேட்டதும் என் அச்சத்தை வெளியிட்டேன். "அதையும் பார்த்துடலாம்" என்றார். எண்ணெய்க் குச்சியை உருவினார். எண்ணெய் கறுப்பாக இருந்தது, ஆனால் தண்ணீர் கலந்து மோர் போல வெளுத்திருக்கவில்லை. எண்ணெய் மூடியின் உட்புறமும் அவ்வாறே. இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்தபடியே கிளப்பச் சொன்னார். கேஸ்கட் கிழிந்திருந்தால் சிலிண்டரின் வாயு தண்ணீருக்குள் புகுந்து குமிழி குமிழியாக வரும். இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றோம். தண்ணீர் சுழன்றது. குமிழி வரவில்லை. புகைக்குழாயிலும் வெண்புகை இல்லை. அல்ஹம்துலில்லாஹ், அந்த நிமிடம்தான் எனக்கு மூச்சு வந்தது.

மூடியைப் போட்டு இஞ்சினைச் சூடேற விட்டார். விசிறி தானே சுற்றத் தொடங்கியது. அணைத்துவிட்டு, ரேடியேட்டரின் முகப்பில் உள்ளங்கையை இடம் மாற்றி மாற்றி வைத்தார். என் கையையும் பிடித்து வைத்தார். மேற்பகுதி சுட்டது. கீழ்ப்பாதியில் பெரும்பகுதி மண்பானை போலக் குளிர்ந்திருந்தது. அந்த இடத்துக் குழல்களில் தண்ணீரே ஓடவில்லை! மூடியைத் திருப்பிக் காட்டினார். உட்புறம் முழுதும் சுண்ணாம்பு பூசியது போல் வெள்ளைப் பொருக்கு.

"என்ன தண்ணி ஊத்துறீங்க?"

"வீட்டு போர் தண்ணிதான்."

மேஸ்திரி சிரித்தார். "நூலுக்கே ஆகாத தண்ணி, இஞ்சினுக்கு ஆகுமா? ரேடியேட்டரைக் கழட்டிப் பிரிக்க நேரமாகும். பக்கத்துத் தெருவிலே சாயப்பட்டறை இருக்கு. போய் ஒரு நடை பாத்துட்டு வாங்க."

ளுஹர் தொழுதுவிட்டுச் சாயப்பட்டறைக்குச் சென்றேன். கொப்பரைகளில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. கச்சாப் பட்டு நாம் நினைப்பது போல் மின்னுவதில்லை. பட்டுப்புழு சுரந்த பசையொன்று அதன்மேல் மூடியிருக்கிறது. நூலின் எடையில் நான்கில் ஒரு பங்கு வரை அந்தப் பசைதான். சவர்க்காரமும் சோடாவும் கலந்த நீரில் காய்ச்சி அதைப் போக்கிய பிறகே மென்மையும் மினுமினுப்பும் பிறக்கின்றன, சாயமும் பிடிக்கிறது. தண்ணீர் உப்புத் தண்ணீராக இருந்தாலோ, அதிலுள்ள சுண்ணமும் மெக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து நுரைக்கு மாறாகத் திரிதிரியாக நூலில் ஒட்டிக்கொள்ளும். சாயம் திட்டுத் திட்டாக விழும். அத்தகைய பாவு தறியேறினால் நெய்தவனுக்கும் நட்டம், உடுத்துபவளுக்கும் குறை. பாறைப் பாங்கான நிலத்தின் ஆழ்குழாய் நீரில் இவ்வுப்புகள் மிகுதி. அங்கிருந்த சாயக்காரர் புதிய தண்ணீர் வந்தால் ஒரு குவளையில் எடுத்துச் சவர்க்காரத்தைக் கரைத்து நுரை பார்ப்பாராம். நுரை நின்றால்தான் கொப்பரையில் ஊற்றுவாராம்.

நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இது புதிதன்று. தேநீர்க் கெண்டியின் அடியில் படியும் வெள்ளைப் படலத்தை அவர்கள் தேய்த்துத் தேய்த்து அலுத்திருப்பார்கள். அதே படலம்தான் என் ரேடியேட்டரின் மெல்லிய குழல்களை அடைத்திருந்தது. கொதித்தபோதெல்லாம் ஆவியாகிப் போனது தண்ணீர், தங்கியது உப்பு. குறைந்த நீருக்கு ஈடாக நான் மீண்டும் அதே நீரை ஊற்றினேன். ஒவ்வொரு முறையும் வண்டிக்கு மருந்து தருவதாக எண்ணி நோயையே ஊட்டியிருக்கிறேன்.

திரும்பி வந்தபோது ரேடியேட்டர் வேலைக்காரர் மேல்தொட்டியை ஈயம் இளக்கிக் கழற்றி வைத்திருந்தார். எங்கள் வண்டியில் இருந்தது செம்பும் பித்தளையுமான பழைய வகை. ஒவ்வொரு குழலிலும் மெல்லிய தகட்டுக் கம்பியை விட்டுக் குத்தக் குத்த, வெண்பொடி கொட்டிக்கொண்டே இருந்தது. இரு கையாலும் அள்ளலாம் போல! இக்காலத்து அலுமினிய ரேடியேட்டர்களுக்கு இந்த வைத்தியம் ஒத்துவராது. இலேசான படிவு என்றால் மருந்து ஊற்றிக் கழுவலாம், முற்றிவிட்டால் மாற்றுவதே வழி. தொட்டியை மீண்டும் பற்றவைத்து, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் காற்றடித்துக் கசிவு பார்த்தார்கள்.

கடைத்தெருவிலிருந்து புது தெர்மோஸ்டாட் வால்வு வாங்கி வரச் சொன்னார் மேஸ்திரி. வெயிலூருக்கு அது எதற்கு என்றேன். "அது இல்லாட்டி இஞ்சின் தன் பதத்துக்கு வர நேரம் பிடிக்கும். பெட்ரோல்தான் வீணாகும். சூட்டையும் அது குறைக்காது" என்றார். புதிய வால்வையும் அவர் நம்பிவிடவில்லை. நூலில் கட்டி, தேநீர்ப் பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பேற்றினார். கொதிநிலைக்குச் சற்று முன்பே வால்வு மெல்ல வாய் திறந்தது. ஆறியதும் மூடிக்கொண்டது. "82 பாகைன்னு போட்டிருக்கான். சரியாத்தான் இருக்கு" என்று திருப்தியுடன் பொருத்தினார். மூடியின் ரப்பரும் சுருள்வில்லும் தளர்ந்திருந்தமையால் அதையும் மாற்றினோம்.

கடைசியாகப் பச்சை நிறக் கூலண்ட் ஒரு பங்கு, உப்பு நீக்கிய டிஸ்டில்ட் வாட்டர் ஒரு பங்கு. இக்கலவை தண்ணீரைவிடக் கூடுதல் சூட்டில்தான் கொதிக்கும், துருவையும் தடுக்கும். இனிப்புச் சுவையுள்ள நஞ்சு அது, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். மூடியைத் திறந்து வைத்து இஞ்சினை ஓட்டி, குழாய்களைப் பிசைந்து பிசைந்து உள்ளிருந்த காற்றை வெளியேற்றினார். எல்லாவற்றுக்கும் அவர் கேட்ட கூலி, மூன்றாவது பட்டறையார் சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அஸர் தொழுகைக்குப் பின் நெசவாளர் வீட்டுக்குப் போனேன். இரண்டு சேலைகளுக்கு மட்டுமே துணிவு கொண்டிருந்த தங்கை, செய்தியைக் கேட்டதும் மூன்றாவதையும் எடுத்துவிட்டாள். மாதுளை நிறம், மெல்லிய சரிகை. தாயார் அதனை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார்கள்.

திமிரியில் அந்தப் புளியமரம் வந்தபோது, "வண்டிக்குக் கொஞ்சம் தண்ணி காட்டு தம்பி" என்றார்கள். முள் நடுவில் அசையாமல் நின்றது. தேநீர்க் கடையில் நிறுத்தி, தண்ணீர் தந்தவர்களுக்கு ஸலாம் கூறி, எல்லோரும் தேநீர் அருந்தினோம். இஷாவுக்கு முன் வீடு சேர்ந்தோம்.

மறுநாள் காலை, இஞ்சின் முற்றிலும் ஆறியிருந்தபோது, மேஸ்திரி சொன்னபடியே திறந்து பார்த்தேன். எஞ்சியிருந்த காற்று வெளியேறியதால் கூலண்ட் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. புட்டியில் மீதமிருந்த கலவையை ஊற்றி நிரப்பினேன்.