‘சேர்’ என்ற ஒரு சொல்: லைப்சிக்கில் ஒரு படமும் ஒரு பஞ்சாலையும்

லைப்சிக் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பாக், தோமஸ் தேவாலயம், 1989ஆம் ஆண்டின் திங்கட்கிழமை ஊர்வலங்கள். பிள்ளைகளைக் கேட்டால் விலங்குத் தோட்டம் என்பார்கள். எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் நகரத்தின் மேற்கே, பிளாக்விட்ஸ் ரயில் நிலையத்துக்குக் கிட்ட இருக்கும் பழைய பஞ்சாலைக்கும் ஒரு அரை நாள் ஒதுக்குங்கோ. முதல் நாள் இரவே ‘சேர்’ என்ற இந்தியப் படத்தைப் பார்த்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது. நாங்கள் இந்த முறை அப்படித்தான் செய்தோம்.

ரொஹேனா கேரா இயக்கிய படம். 2018இல் கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது. ஜேர்மனியில் ‘கனவுகளின் தையல்காரி’ என்று பொருள்படும் பெயரில் வந்தது. மும்பையில் ஒரு பணக்கார வீட்டில் தங்கி வேலை செய்கிறாள் ரத்னா. கிராமத்தில் கலியாணமாகிச் சில மாதங்களிலேயே கணவனை இழந்தவள். தங்கையின் படிப்புக்குக் காசு அனுப்புகிறாள். தையல் பழகி ஆடை வடிவமைப்பாளராக வேண்டும் என்பது அவள் ஆசை. வீட்டுக்காரர் அஷ்வினின் கலியாணம் நின்றுபோகிறது. ஒரே வீட்டில், ஒரு சுவரின் இரு பக்கங்களில், இருவருக்கும் மெல்ல ஒரு பிரியம் வருகிறது.

எங்கள் படங்களில் ஏழைப் பெண்ணும் பணக்காரப் பையனும் காதலித்தால் ஒரு அப்பா எதிர்ப்பார், ஒரு சண்டை வரும், முடிவில் சேர்ந்துவிடுவார்கள். இங்கே அப்படி ஒரு வில்லன் இல்லை. அஷ்வின் நல்லவன்தான். ஆனாலும் ரத்னாதான் வேண்டாம் என்கிறாள். ஏன்? அவனுக்குக் காதல் தோற்றால் மனம் உடையும், அவ்வளவுதான். அவளுக்கோ சம்பளம், தங்கும் அறை, தங்கையின் படிப்பு, ஊரில் இருக்கும் மரியாதை எல்லாம் ஒரே நாளில் போய்விடும். வறுமை காதலைத் தடுப்பதில்லை, அதன் விலையைத்தான் ஒருவருக்கு மட்டும் கூட்டி வைக்கிறது.

எங்கள் பதின்மூன்று வயது மகளுக்கு வேறு கேள்விகள். “அம்மா, அவ ஏன் குசினியில நிலத்தில இருந்து சாப்பிடுறா? மேசை இருக்குத்தானே?” பிறகு, “அவையள் ரெண்டு பேரும் ஆளுக்காள் ‘டூ’ சொல்லேலாதா?”

இது இந்தியாவின் கதை மட்டும்தான் என்று அவள் நினைத்துவிடக் கூடாது என்றுதான் அடுத்த நாள் பஞ்சாலைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். 1884இல் தொடங்கிய ஆலை அது. கால் நூற்றாண்டுக்குள் ஐரோப்பியப் பெருநிலத்தின் மிகப் பெரிய நூற்பாலையாக வளர்ந்தது. இன்றைய தான்சானியாவில் அதற்குச் சொந்தப் பருத்தித் தோட்டங்களும் இருந்தன. தொழிலாளருக்கு வீடு, பிள்ளைகள் காப்பகம், சிறு தோட்டங்கள் எல்லாம் ஆலையே அமைத்துக் கொடுத்தது. நல்ல வசதிதான். ஆனால் வேலையும் வீடும் ஒரே முதலாளியின் கையில் இருந்தால் எதிர்த்துப் பேச எவ்வளவு துணிவு வேண்டும்! 1990களின் தொடக்கத்தில் நூற்பு நின்றது. இன்று அந்தச் செங்கல் கட்டடங்களில் ஓவியர்களின் கூடங்கள், காட்சியகங்கள், ஒரு சிறிய சினிமாக்கூடம்.

இதே நகரத்தில்தான் 1865இல் லூயிசே ஓட்டோ பீட்டர்ஸும் தோழிகளும் அகில ஜேர்மன் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள். பெண்களுக்குக் கல்வியும் வேலை செய்யும் உரிமையும் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. ஜேர்மனியில் வீட்டு வேலைக்காரரைக் கட்டுப்படுத்திய தனிச் சட்டங்கள் 1918 நவம்பர் புரட்சியோடுதான் ஒழிந்தன. நூறு வருடம் கொஞ்சம் கூட. அவ்வளவுதான் தூரம்.

நம்ம பக்கம் அது இன்னும் கிட்ட. கோயம்புத்தூர், திருப்பூர், திண்டுக்கல் பக்க நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் இளம் பெண்களை மூன்று வருடம் வரை விடுதியில் வைத்து வேலை வாங்கினார்கள். முடிவில் கிடைக்கும் என்று சொன்ன தொகை கலியாணச் செலவுக்கு, சீதனத்துக்கு. கலியாணம் கட்டுவதற்கே இளமையை நூலாக நூற்க வேண்டியிருந்தது.

மகளின் ‘டூ’ கேள்விக்கு மட்டும் சுலபமாகப் பதில் சொல்ல முடியவில்லை. ஜேர்மன் மொழியில் இரண்டு படி என்றால் எங்கள் யாழ்ப்பாணத் தமிழில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று. பெரியாக்களை ‘நீங்கள்’ எண்டு சொல்லப் பிள்ளைகளைப் பழக்குகிறோம். ஆனால் ஊருக்குப் போனால், வீட்டு வேலைக்கு வருகிற அறுபது வயது அம்மாவை ‘நீ’ என்று பேர் சொல்லிக் கூப்பிடும் வீடுகளையும் அதே பிள்ளைகள் பார்க்கிறார்கள். மரியாதை வயசுக்கா, காசுக்கா என்று அவர்கள் கேட்காமலே விளங்கிக்கொள்வார்கள்.

அந்த அம்மாவின் சம்பளத்தை நாம் ஒரு விடுமுறையில் மாற்றிவிட முடியாது. பிள்ளைகளுக்கு முன்னால் “நீங்கள் சாப்பிட்டீங்களோ?” என்று கேட்கலாம். மேசையில் ஒரு கதிரையை இழுத்து வைக்கலாம். அவர் கூச்சப்பட்டு மறுத்தால் வற்புறுத்தாமல் விடலாம், ரத்னா ஏன் மறுத்தாள் என்று பிள்ளைக்குச் சொல்லலாம்.

படத்தில் ஒரு முத்தக் காட்சி இருக்கிறது, முதலே சொல்லிவிடுகிறேன். முடிவைச் சொல்ல மாட்டேன். கடைசியாக ரத்னா சொல்லும் ஒற்றைச் சொல்லைப் பிள்ளைகளோடு சேர்ந்து கேளுங்கோ. அதுக்குப் பிறகு வீட்டில் பேச நிறைய இருக்கும்.