நொச்சி சூடியவர்கள்

தொல்காப்பியப் புறத்திணையியலில் மதிலை முற்றுகையிடுவோனுக்கு ஒரு திணை உண்டு, அது உழிஞை. மதிலுக்கு உள்ளே நின்று காப்பவனுக்குத் தனித்திணை இல்லை. அவனது போர் உழிஞையின் துறைகளுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பன்னிரு படல மரபைப் பின்பற்றிய புறப்பொருள் வெண்பாமாலைதான் காப்பவனைப் பிரித்தெடுத்து, நொச்சி என்று அவனுக்கும் ஒரு திணையை வகுத்தது. முதுகலையில் இந்த வேறுபாட்டைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தது கோட்டை அன்று, கால்பந்து. ஏலப்பாறையில் வளர்ந்தவனுக்கு அது இயல்புதான்.

எங்கள் தோட்டத் தமிழில் கோல் அடிப்பவனுக்குப் பல பெயர்கள் உண்டு. தடுப்பவன் ‘பேக்குல நிக்கிறவன்’, அவ்வளவுதான். நிற்பது ஒரு வேலையா என்று கேட்கும் தொனி அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஆனால் கேரளம் ஒரு காலத்தில் அப்படி நின்ற ஒருவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியது. அவர் வி.பி. சத்யன்.

1965-இல் பிறந்த கண்ணூர்க்காரர் அவர். ஆடியது ‘ஸ்டாப்பர் பேக்’ என்னும் நடுத்தடுப்பு இடத்தில். ஐ.எம். விஜயன், பாப்பச்சன், ஷரஃப் அலி, சாக்கோ ஆகியோர் இருந்த கேரளப் போலீஸ் அணி 1990, 1991 என அடுத்தடுத்த ஆண்டுகளில் ஃபெடரேஷன் கோப்பையை வென்றபோது அதன் முதுகெலும்பாக நின்றவர். 1992-இல் கோயம்புத்தூரில் நடந்த சந்தோஷ் கோப்பை இறுதியாட்டத்தில் கோவாவை 3-0 என வென்ற கேரள அணிக்கு அவரே தலைவர். 1973-க்குப் பிறகு கேரளம் அந்தக் கோப்பையைத் தொட்டது அன்றுதான். தொண்ணூறுகளின் முற்பாதியில் இந்திய அணிக்கும் தலைமை தாங்கினார். கொல்கத்தாவின் மோகன் பகானில் சிறிது காலம் ஆடிய பின், சென்னையில் இந்தியன் வங்கி அணிக்கு வந்தார். அங்கேயே ஆட்டத்தை முடித்துப் பயிற்சியாளரும் ஆனார்.

கேரளத்தில் பிறந்து தமிழ்நாட்டில் பிழைத்தவர் சத்யன். தமிழராய்ப் பிறந்து கேரள மலையில் பிழைப்பவர்கள் நாங்கள். எல்லையின் இரு பக்கமும் சற்றே அயலாராக இருப்பதன் சுவை எங்களுக்குத் தெரியும். அந்த 1992 ஆட்டத்தைப் பார்க்க என் தாய்மாமா குமுளி இறங்கி, கம்பம், தேனி எனப் பேருந்து மாறிக் கோயம்புத்தூர் போயிருக்கிறார். தமிழ் மண்ணில் நின்று, தமிழில் கத்தி, கேரளத்துக்குக் கைதட்டினேன் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அவரும் தோட்ட அணியில் ஸ்டாப்பர்தான். தொழிற்சாலைக்கு மேலே ஒரு பக்கம் சரிந்த மைதானம். பந்து தவறினால் தேயிலைக் காட்டுக்குள் உருண்டுவிடும், மூடுபனி இறங்கினால் எதிராளி மூன்றடி தொலைவில்தான் கண்ணுக்குப் படுவான். அங்கே தடுப்பது என்பது பெரும்பாலும் காலடி ஓசையைக் கேட்டு நகர்வது.

தடுப்பாட்டக்காரரின் கணக்கு விசித்திரமானது. எட்டு வாய்ப்பை வீணடித்து ஒன்பதாவதில் கோல் போட்டவன் நாயகன். எட்டைத் தடுத்து ஒன்பதாவதை விட்டவன் குற்றவாளி. நடந்ததற்குத்தான் பதிவு உண்டு. நடக்காமல் தடுத்ததை எந்த ஏட்டிலும் எழுத முடியாது. மொழியியலில் இன்மையைக் காட்ட ஒரு சுழியக் குறி இடுவோம். ஒலி இல்லாவிட்டாலும் அங்கே ஓர் உருபு வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். விளையாட்டு ஏடுகளில் அந்தக் குறியும் கிடையாது.

2006 ஜூலை 18 அன்று சென்னைப் பல்லாவரத்தில் சத்யன் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். வயது 41. காலை விட்டு நீங்காத காயங்களையும் மனச்சோர்வையும் பற்றிப் பின்னர் பலரும் பேசினார்கள். 2018-இல் ஜெயசூர்யா நடித்த ‘கேப்டன்’ என்ற மலையாளத் திரைப்படம் அவரை என் தலைமுறைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் கடலுக்கு அப்பால் வாழ்ந்த இன்னொருவரும் எனக்கு நினைவுக்கு வருவார்.

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து நம் கால்பந்து அன்று. நீள்வட்ட மைதானம், நீள்வட்டப் பந்து, பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், கையும் காலும் தோளும் மோதும் ஆட்டம். அதில் செயின்ட் கில்டா அணியின் ஃபுல்பேக் ஆக 1984 முதல் 1995 வரை 240 ஆட்டங்கள் ஆடியவர் டேனி ஃப்ராலி. ஒன்பது பருவங்கள் அணித்தலைவர். உருளைக்கிழங்கு பயிரிடும் குடும்பத்துப் பிள்ளை என்பதால் ‘ஸ்பட்’, அதாவது உருளைக்கிழங்கு, என்றே அவரைச் செல்லமாக அழைத்தார்கள். வட்டவடைப் பக்கம் கிழங்கு தோண்டும் வீட்டுப் பையன் ஒருவன் மாநில அணித்தலைவன் ஆனதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஓய்வுக்குப் பின் ரிச்மண்ட் அணிக்குப் பயிற்சியாளர், பிறகு ஊடகத்தில் எல்லோரையும் சிரிக்கவைத்த முகம். தமக்கு மனச்சோர்வு உண்டு என்பதை வெளிப்படையாகப் பேசிய துணிச்சலும் அவருக்கு இருந்தது. 2019 செப்டம்பரில், 56-ஆம் பிறந்தநாளுக்கு மறுநாள், கார் விபத்தில் இறந்தார். தலையில் மீண்டும் மீண்டும் படும் அடிகளோடு தொடர்புடைய ஒரு மூளைச்சிதைவு நோய் அவருக்கு இருந்தது மறைவுக்குப் பின் தெரியவந்தது.

ஆடும் இடம் நோயைத் தருவதில்லை. மனச்சோர்வு முன்வரிசையையும் தேடிவரும். ஆனால் இருபது ஆண்டுகள் ‘நான் விழுந்தால் அணி விழும்’ என்று பழகிய உடல், விழும் நேரத்தில் கையை உயர்த்தி உதவி கேட்கக் கற்றுக்கொள்வது கடினம். செயின்ட் கில்டா அணி 2021 முதல் ஆண்டுதோறும் ஓர் ஆட்டத்தை ஃப்ராலியின் பெயரில், மனநலம் பற்றிப் பேசுவதற்கென்றே நடத்துகிறது. சத்யன் பெயரிலும் அப்படி ஓர் ஆட்டம் சென்னையிலோ கண்ணூரிலோ நடக்க வேண்டும் என்பது என் ஆசை. கோப்பை வேண்டாம். இடைவேளையில் ஒரு பழைய ஆட்டக்காரர் ஒலிபெருக்கியின் முன் நின்று, தாம் உறங்காத இரவுகளைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினால் போதும்.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் மாமாதான். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பீர்மேட்டுப் பகுதியில் தேயிலைத் தோட்டங்கள் பல மூடப்பட்டன. கூலி நின்றது, லயங்களின் கூரை ஒழுகியது, தோட்ட அணிகளும் கலைந்தன. மாமா திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய், முழங்கால் வீங்கித் திரும்பிவந்தார். சத்யன் இறந்த செய்தி வந்த மலையாள நாளிதழைத் தேநீர்க் கடையிலிருந்து கேட்டு வாங்கிவந்து பெட்டியில் வைத்துக்கொண்டார். அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. ‘அவனுக்கென்ன, கல்லு மாதிரி’ என்பது வீட்டில் அவருக்குக் கிடைத்த நற்சான்றிதழ்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், விடுமுறையில் வந்திருந்த என்னிடம் ஒருநாள் சொன்னார்: “மாப்ள, ராத்திரி முழுக்க கண்ணு மூட மாட்டேங்குது. யாரோ பந்தக் கொண்டு வர்ற மாதிரியே இருக்கு.”

மறுநாள் இருவரும் அரசு மருத்துவமனைக்குப் போனோம். மருந்தும் பேச்சுமாக ஓராண்டு. இப்போது உறங்குகிறார். ஞாயிறுகளில் சிறுவர்களுக்குத் தடுக்கச் சொல்லித் தருகிறார். ‘தனியா நிக்காதடா, பக்கத்துல இருக்கவனக் கூப்பிடு’ என்பதுதான் அவர் முதலில் கற்றுத்தருவது.

நொச்சி எங்கள் பக்கம் வேலியோரத்தில் வளரும் எளிய செடி. தலைபாரத்துக்கு அதன் இலையைப் போட்டு ஆவி பிடிப்பார்கள். காப்பவனுக்குச் சூட்ட இதைத் தேர்ந்த மரபுக்கு, காப்பவனுக்கும் தலை கனக்கும் என்பது தெரிந்திருக்குமோ என்று நினைத்துக்கொள்வதுண்டு.

உங்கள் வீட்டிலும், அலுவலகத்திலும், நண்பர் குழுவிலும் பின்வரிசையில் நிற்கும் ஒருவர் இருப்பார். ‘நல்லா இருக்கேன்’ என்று அவர் சொன்ன பிறகும் இன்னொரு முறை கேளுங்கள். அந்த ஒருவர் நீங்களே என்றால், கேரளத்தில் ‘திசா’ 1056, நாடு முழுவதற்கும் டெலி மானஸ் 14416. தமிழிலும் பேசலாம்.