ஐந்து பாஸ்வேர்டும் ஒரு பெர்த்தும்

சென்னையில் படிக்கிற, வேலை பார்க்கிற தென்மாவட்டத்துப் பிள்ளைகளின் குடும்பங்களில் எல்லாம் ஒரு ஆள் கண்டிப்பாக இருப்பார். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, ஆஸ்பத்திரி... எதுவானாலும் "டிக்கெட்டா? அவகிட்ட சொல்லு, போட்டுருவா" என்று மொத்தக் குடும்பமும் கைகாட்டும் ஆள். சம்பளம் கிடையாது. டிக்கெட் கிடைத்தால் பாராட்டும் கிடையாது. கிடைக்காவிட்டால் மட்டும் "கொஞ்சம் முன்னாடியே பாத்திருக்கலாம்லா?" என்று ஒரு கேள்வி வரும்!

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்து சென்னையில் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண்ணுக்கு இந்தப் பதவி பிளஸ் டூ முடித்த கையோடு வந்து சேர்ந்தது. அவளுடைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஐந்து ஐஆர்சிடிசி கணக்குகள் எழுதியிருக்கும். அவள், அப்பா, அம்மா, அண்ணன், பெரியப்பா. ஒவ்வொரு கணக்குக்கும் தனி மொபைல் எண்ணும் தனி மின்னஞ்சலும் வேண்டும். அதனால் வாழ்நாளில் ஒரு மெயில்கூட அனுப்பாத பெரியப்பாவுக்கும் ஜிமெயில் முகவரி உண்டு. அப்படி ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது என்பது வேறு விஷயம் :)

எதற்கு ஐந்து? மாதக் கணக்கு இடிக்கிறதா என்றால் அதுவும் இல்லை. 2022 ஜூனில் உயர்த்தப்பட்ட வரம்புப்படி, ஆதார் இணைக்காத கணக்கில் மாதம் 12 டிக்கெட், இணைத்த கணக்கில் 24 டிக்கெட் எடுக்கலாம். ஒரு குடும்பத்துக்கு இது தாராளம். சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, அந்த முதல் இரண்டு நிமிடத்தில்தான். பயணத்துக்கு 60 நாள் முன்பு காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். (2024 அக்டோபர் வரை இது 120 நாளாக இருந்தது.) போகிக்கு ஜனவரி 13 அன்று ஊருக்குக் கிளம்ப வேண்டுமானால் நவம்பர் 14 காலையில் தயாராக இருக்க வேண்டும். ஒரு கணக்கு கேப்சாவில் நிற்கும், இன்னொன்று பணம் கட்டும் இடத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஐந்தில் ஒன்றாவது கரை சேராதா என்ற நம்பிக்கைதான் ஐந்து கணக்கு. ஒரு கணக்கை ஆப்பில் திறந்து, இன்னொன்றை லேப்டாப்பில் திறந்து, மூன்றாவதை ரூம்மேட் கையில் கொடுத்து... ஹாஸ்டல் அறையே அன்று காலை ரிசர்வேஷன் கவுன்டர் மாதிரி இருக்கும்.

2002 ஆகஸ்டில் ரயில்வே இணைய முன்பதிவைத் தொடங்கியபோது டிக்கெட் கூரியரில் வீட்டுக்கு வந்தது. 2005இல் இ-டிக்கெட் வந்தது. இனி விடியற்காலையில் போய் வரிசையில் நிற்க வேண்டாம் என்று எல்லோருக்கும் சந்தோஷம். உண்மையில் வரிசை ஒழியவில்லை, கண்ணுக்குத் தெரியாமல் போனது. அவ்வளவுதான். கவுன்டர் வரிசையில் முன்னால் எத்தனை தலை என்று எண்ணிப் பார்க்கலாம். இங்கே எண்ண முடியாது. 2025 மே 22 அன்று காலை ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவானதாக ரயில்வே சொன்னது. அந்த ஒரு நிமிடத்தில் கிடைக்காமல் நின்றவர்களை யார் எண்ணினார்கள்?

ஒரு தீபாவளிக்கு அவளுக்கு அதிர்ஷ்டம் கொஞ்சம் அதிகமாகவே அடித்தது. நெல்லை எக்ஸ்பிரஸில் அவள் கணக்கிலும் டிக்கெட் விழுந்தது, அண்ணன் கணக்கிலும் விழுந்தது. மூன்று பேருக்கு ஆறு பெர்த். வீட்டில் ஒரே கொண்டாட்டம். இரண்டு நாள் கழித்து, பிடித்தம் போக மிச்சப் பணம் வந்தால் போதும் என்று ஒன்றை ரத்து செய்தாள். அதே வாரம் ஹாஸ்டலில் இன்னொரு பெண், அதே ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் என்று பார்த்துவிட்டு, ஆம்னி பஸ்ஸுக்கு மூன்று மடங்கு காசு கொடுத்துவிட்டு வந்து அழாத குறையாக உட்கார்ந்திருந்தாள். ஒரு ஸ்லீப்பர் பெட்டியில் 72 அல்லது 80 பெர்த்துதான். எத்தனை கணக்கு திறந்தாலும் அந்த எண்ணிக்கை மாறாது. ஒருவர் ஐந்து கணக்கு திறந்தால் அவருக்கு லாபம். எல்லோரும் ஐந்து திறந்தால் யாருக்கும் லாபம் இல்லை, கூட்டம்தான் ஐந்து மடங்கு. தியேட்டரில் முன்வரிசைக்காரர் எழுந்து நின்றால் பின்வரிசை முழுக்க எழுந்து நிற்கிற கதைதான் இதுவும்.

இதில் இன்னொரு கோடும் இருக்கிறது. ஒரு நாள் பக்கத்து அறை சீனியர் ஒருத்தி, தன் அண்ணனுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்ததற்கு டிக்கெட் காசோடு 200 ரூபாய் சேர்த்து அனுப்பினாள். இவள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டாள். "என்னடி, சும்மா வச்சுக்கோ" என்றதற்கு "வேணாம்க்கா" என்று மட்டும்தான் சொன்னாள். நல்லவேளை. உறவினருக்கும் நண்பருக்கும் சொந்தக் கணக்கில் டிக்கெட் எடுக்கலாம். 2024 ஜூனில், வேறு குடும்பப் பெயர் உள்ளவருக்கு எடுத்தால் ஜெயில் என்று ஒரு வதந்தி பரவி ரயில்வேயே மறுப்பு சொன்னது. (அப்பாவுக்கும் பிள்ளைக்குமே குடும்பப் பெயர் ஒன்றாக இல்லாத தமிழ்நாட்டில் அது உண்மையாக இருந்திருந்தால் பாதி ரயில் காலி!) ஆனால் காசு வாங்கி அதையே தொழிலாகச் செய்தால் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 143ஆம் பிரிவு: மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தப் பிரிவு ஆன்லைன் டிக்கெட்டுக்கும் பொருந்தும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்குகளில் ஒன்று, நூற்றுக்கணக்கில் போலிக் கணக்குகள் தொடங்கியதாகக் குற்றம் சாட்டப்பட்டவருடையது. ஐந்துக்கும் நூற்றுக்கும் நடுவே இருப்பது அந்த 200 ரூபாய்தான்.

பிறகு ஆதார் வந்தது. சந்தேகத்துக்குரிய 2.5 கோடி கணக்குகளை முடக்கியதாக 2025இல் ரயில்வே அறிவித்தது. தட்கல் திறந்த முதல் ஐந்து நிமிடத்தில் நுழையப் பார்ப்பதில் பாதி வரை மனிதரே இல்லை, தானியங்கி நிரல்கள் என்றும் சொன்னது. ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்த்த கணக்குக்கு மட்டுமே ஆன்லைன் தட்கல். ஜூலை 15 முதல் ஆதாரில் உள்ள எண்ணுக்கு ஓடிபி. அக்டோபரில் பொது முன்பதிவின் முதல் 15 நிமிடத்துக்கும் ஆதார் வந்தது, அந்த நேரம் பிறகு நீட்டவும் பட்டது.

நோட்டின் கடைசிப் பக்கம் அன்றோடு செல்லாக் காசானது. பெரியப்பாவின் ஆதாரில் இருப்பது எப்போதோ தூக்கிப்போட்ட சிம். அப்பா வயலில் இருக்கும்போது ஃபோனை எடுக்க மாட்டார். அம்மாவிடம் இருப்பது பட்டன் ஃபோன். கண் ஆபரேஷன் முடிந்த பெரியப்பாவைச் செக்கப்புக்குச் சென்னைக்கு வரவழைக்க, முந்தின நாள் 11 மணி ஸ்லீப்பர் தட்கலில், அம்மாவின் கணக்கில் முயற்சி செய்தாள்.

"ஏட்டி, ஏதோ நம்பர் வந்துருக்கு."

"சீக்கிரம் சொல்லும்மா!"

"இரு, கண்ணாடிய எங்க வச்சேன்..."

அம்மா கண்ணாடி தேடி முடிப்பதற்குள் தட்கல் முடிந்துவிட்டது. மறுநாள் அவளுடைய சொந்தக் கணக்கிலேயே முயன்றாள். ஓடிபி அவள் ஃபோனுக்கே வந்தது. டிக்கெட்டும் வந்தது. பெரியப்பா செக்கப்புக்கு ஒரு நாள் தள்ளித்தான் வந்தார், ஆனால் படுத்துக்கொண்டு வந்தார்.

இப்போது அவளிடம் இரண்டே கணக்கு, அவளுடையதும் அண்ணனுடையதும். மற்றவர்களை மாஸ்டர் லிஸ்ட்டில் பயணிகளாகச் சேர்த்து வைத்திருக்கிறாள். கிடைக்கிற நாளில் கிடைக்கிறது, கிடைக்காத நாளில் இல்லை. ஐந்து இருந்தபோதும் அப்படித்தான் இருந்தது! ஆனால் ஆதாரில் சரியான எண் இல்லாதவரும், இப்படி ஒரு பிள்ளை வீட்டில் இல்லாதவரும் என்ன செய்வார்கள்? கவுன்டர் இன்னும் இருக்கிறது, விடியற்காலை வரிசையும் இருக்கிறது. அதுவும் இல்லையென்றால் முன்பதிவில்லாப் பெட்டியில் கழிவறை வாசலில் உட்கார்ந்து திருநெல்வேலி வரை. பெர்த் கூடாதவரை, கணக்கை எப்படி மாற்றினாலும் யாரோ ஒருவர் அங்கே உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

அது ரயில்வேக்காரர்கள் பாடு. உங்கள் வீட்டில் டிக்கெட் போடும் ஆள் யார்? அடுத்த முறை ஊரில் இறங்கியதும் அவருக்கு ஒரு டீயாவது வாங்கிக் கொடுங்கள். அப்படியே உங்கள் ஆதாரில் எந்த மொபைல் எண் இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள்.