பரிசு இல்லாத வேலைகள்

செப்டம்பர் பிறந்துவிட்டால் என் மனசு இன்றைக்கும் என்.எஸ்.எஸ். முகாமுக்கு மூட்டை கட்ட ஆரம்பித்துவிடும். தொண்ணூறுகளின் கடைசியில் சிவகங்கைப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ப்ளஸ் ஒன்னும் ப்ளஸ் டூவும் படித்தவன் நான். காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு ஜமுக்காளம், தட்டு, டம்ளர், டார்ச் லைட் எல்லாம் எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறிவிடுவோம். ஏதோ ஒரு கிராமத்தின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிதான் எங்களுக்கு வீடு.

பள்ளியில் மன்றங்களுக்குக் குறைவில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் தமிழ் இலக்கிய மன்றம். ஜே.ஆர்.சி. எனும் இளம் செஞ்சிலுவைச் சங்கப் பிள்ளைகள் முக்கோணத் துணியை வைத்துக்கொண்டு, யார் கை கிடைத்தாலும் தூளி கட்டிப் பழகுவார்கள். ஆகஸ்ட் 15 அணிவகுப்பு சாரணர்களுடையது. அறிவியல் மன்றக் கண்காட்சியில் ஆண்டு தவறாமல் ஓர் எரிமலை இருக்கும். அம்மோனியம் டைகுரோமேட்டின் ஆரஞ்சுக் குருணையில் தீ வைத்ததும் அது பொரிந்து பச்சைச் சாம்பலாகக் குவியும். அதைப் பார்க்க ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முண்டியடிப்பார்கள். இவை எல்லாமே எனக்குப் பிடிக்கும். ஆனாலும் என் நெஞ்சில் தங்கிப்போனது என்.எஸ்.எஸ். என்று நாங்கள் கூப்பிட்ட நாட்டு நலப்பணித் திட்டம்தான்.

காந்தி நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் அது தொடங்கியது. பள்ளிக்கூடங்களுக்கு வந்தது பிறகுதான். கொனாரக் சூரியக் கோயில் தேர்ச்சக்கரம்தான் அதன் சின்னம். சக்கரத்தின் எட்டு ஆரங்களும் ஒரு நாளின் எட்டுச் சாமங்கள் என்றும், எந்தச் சாமத்தில் கூப்பிட்டாலும் போய் நிற்க வேண்டும் என்றும் திட்ட அலுவலராக இருந்த எங்கள் இயற்பியல் ஆசிரியர் சொல்வார். அந்தச் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு நடந்தபோது வந்த நிமிர்வு பிறகு எந்த அடையாள அட்டையும் தந்ததில்லை.

முகாமில் எங்களுக்குக் கிடைத்த பெரிய வேலை ஓர் ஊருணி. குடிதண்ணீருக்காக வெட்டியது, உள்ளே முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. கவைக்கம்பால் முள்ளை அழுத்திப் பிடித்துக்கொண்டு அடியில் அரிவாளைப் போட வேண்டும். அந்த நுணுக்கம் தெரியாமல் டவுன் பையன்கள் நாங்கள் கையைக் கிழித்துக்கொண்டோம். காட்டுவேலை தெரிந்த கிராமத்துப் பையன்கள்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஆசிரியரும் எங்களோடு நின்று அவர்களிடம் கற்றுக்கொண்டார். மேலே வெட்டினால் போதாது, தூரோடு தோண்டாவிட்டால் அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும் என்றார்கள். கடப்பாரை போட்டுத் தூரை நெம்பினோம். பிறகு வண்டல். கரை வரைக்கும் வரிசையாக நின்று மண்சட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே கொண்டுபோனோம். நிறைந்த சட்டி ஒரு பக்கம் ஏறும், வெறும் சட்டி இன்னொரு பக்கம் இறங்கும். கொஞ்ச நேரத்தில் யாரும் யாரையும் பார்க்காமலே சட்டி கைக்கு வந்துவிடும். அந்த ஓட்டத்தில் ஒரு கண்ணியாக இருந்த சந்தோஷத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. கம்மங்கூழோடு கரைக்கு வரும் ஊர்ப் பாட்டி ஒருவர், “கை கழுவிட்டு வாங்க சாமி, அப்புறம் வெட்டலாம்” என்று ஒவ்வொருவரையும் உட்கார வைத்து ஊற்றுவார்.

மத்தியானம் வீடு வீடாகக் கணக்கெடுப்பு. குடும்பத்தில் எத்தனை பேர், யாருக்கு எழுத்துத் தெரியும், தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று நோட்டில் எழுதுவோம். வயது கேட்டால்தான் சிக்கல். “தனுஷ்கோடிப் புயல் அடிச்சப்ப மூத்தவன் கைப்பிள்ளை, நீயே கணக்குப் போட்டுக்கப்பா” என்றார் ஓர் அம்மா. 1964 டிசம்பரில் இருந்து விரல்விட்டு எண்ணி எழுதினேன். ராமநாதபுரத்துச் சரித்திரத்தை எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

டிசம்பர், ஜனவரியில் போலியோ ஞாயிறுகள் வரும். சொட்டு மருந்து ஊற்றுவது சுகாதாரப் பணியாளர்கள். பிள்ளைகளைக் கூட்டிவருவதும், கணக்குக் கோடு போடுவதும், இடது சுண்டு விரலில் மை வைப்பதும் எங்கள் பொறுப்பு. மருந்துக் குப்பியின் லேபிளில் வட்டத்துக்குள் ஒரு வெளிர்ச் சதுரம் இருக்கும். சூடு பட்டுப் பட்டு அது வட்டத்தின் நிறத்துக்குக் கறுத்துவிட்டால் அந்தக் குப்பியைத் தொடக் கூடாது என்று செவிலியர் அக்கா காட்டித் தந்தார். அந்தச் சதுரத்தை எத்தனை முறை உற்றுப் பார்த்திருப்பேன்! 2014 மார்ச் 27 அன்று இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ இல்லாதது என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்த செய்தியைப் பேப்பரில் படித்தபோது கண் கலங்கிவிட்டது. லட்சக்கணக்கான பேர் உழைத்த வேலை அது. அதில் எங்கள் மை டப்பாவுக்கும் ஓர் இடம் இருந்தது.

இன்றைய அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. மேடையே ஏறாத பிள்ளைகள் மாநில அளவுக்குப் போய்ப் பறையடித்து ஆடுவதைப் பார்க்க அவ்வளவு நிறைவாக இருக்கிறது. என்.எஸ்.எஸ். முகாம்களும் நின்றுவிடவில்லை. ஆனால் என்னைச் சுற்றியுள்ள வீடுகளில் பதினொன்றாம் வகுப்பு என்றாலே காலாண்டு விடுமுறைக்கும் சேர்த்து நீட் பயிற்சி. மிச்ச நேரம் கிடைத்தால் அதுவும் ஏதாவது ஒரு போட்டிக்குப் போகிறது. போட்டிகள் வேண்டும்தான். எங்களுக்கும் சான்றிதழ் உண்டு, இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் பணி செய்திருக்க வேண்டும். ஆனால் அதிக மண் சுமந்தவனுக்கு முதல் பரிசு என்று யாரும் மைக்கில் அறிவித்ததில்லை. கிளாஸில் ராங்க் வாங்கியவனும் ஃபெயில் பயத்தில் இருந்தவனும் ஒரே சட்டியைத்தான் கைமாற்றினார்கள். சாயங்காலம் ஊருணி எவ்வளவு ஆழமாகியிருக்கிறது என்று எல்லோரும் சேர்ந்து பார்ப்போம். எங்கள் மார்க் ஷீட் அதுதான்.

இப்போது அலுவலகத்தில் ஒவ்வொரு மாதமும் என்னைத் தனியாக அளக்கிறார்கள், வேலையும் ஒழுங்காகத்தான் நடக்கிறது. அந்த மண்சட்டி வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் இப்போது எந்த ஊரில் என்றே தெரியாது. யாராவது ஒருவன் ஓர் ஊருணிப் பெயரைச் சொல்லி, “வர்றியாடா?” என்று கேட்டால் போதும், லீவு சொல்லிவிட்டு அன்றைக்கே கிளம்பிவிடுவேன்.